புதிய காரின் கதவில் மறுபூச்சு, தயாரிப்போ பதினொரு மாதம் பழையது: பதிவு முடிந்த பிறகு டெலிவரியை மறுக்கலாமா?

வைகைக்கரை (மதுரை):

அனைவருக்கும் வணக்கம். 2024 ஜூலைத் தொடக்கத்தில் ஒரு கார் முன்பதிவு செய்தேன். ஆடியில் வண்டி எடுக்க வேண்டாம் என்று வீட்டில் சொன்னதால் ஆவணி வரை பொறுத்திருந்தோம். வண்டியை முன்கூட்டியே பார்க்க வேண்டும் என்று இரண்டு முறை கேட்டேன். வண்டிகளை நிறுத்திவைக்கும் ஸ்டாக்யார்டு ஊருக்கு வெளியே இருக்கிறது, டெலிவரிக்கு முந்தைய சோதனையை எங்கள் ஆட்களே செய்துவிடுவார்கள் என்று விற்பனைப் பிரதிநிதி தட்டிக்கழித்தார். இதற்கிடையே வங்கிக் கடன் தொகை போய்ச் சேர்ந்தது, காப்பீடும் ஆர்.டி.ஓ. பதிவும் முடிந்தன, எண் பலகையும் மாட்டப்பட்டது. நான் வண்டியைக் கண்ணால் பார்த்தது அதற்குப் பிறகுதான்.

செப்டம்பர் முதல் வாரத்தில், வளர்பிறை முகூர்த்த நாளொன்றில், எலுமிச்சம்பழமும் சூடமுமாக அம்மாவை அழைத்துக்கொண்டு போனேன். ஷோரூம் விளக்கு வெளிச்சத்தில் எதுவும் தெரியவில்லை. வெயிலுக்குக் கொண்டுவரச் சொன்ன பிறகுதான் இடப்பக்கப் பின்கதவின் நிறம் மற்ற பாகங்களோடு ஒட்டாமல் நிற்பது தெரிந்தது. கதவோர ரப்பரில் பெயின்ட் தெறித்திருந்தது; கீல் போல்ட்டில் ஸ்பேனர் பட்ட தடம் இருந்தது. டயரில் 3823 என்று அச்சிட்டிருந்தார்கள், அதாவது 2023ஆம் ஆண்டின் 38ஆவது வாரம். விற்பனைச் சான்றான படிவம் 21ஐ வாங்கிப் பார்த்தால், தயாரித்த மாதம் 2023 அக்டோபர் என்று அதிலேயே தெளிவாக இருக்கிறது. தொழிற்சாலையிலிருந்து உங்களுக்காகவே வருகிறது என்று எனக்குச் சொல்லப்பட்ட வண்டி இது.

‘முழு மனநிறைவுடன் பெற்றுக்கொண்டேன்’ என்று அச்சிட்ட தாளில் கையெழுத்துக் கேட்டார்கள். நான் போடவில்லை. வண்டியை அங்கேயே விட்டுவிட்டு, அம்மாவும் நானும் எலுமிச்சம்பழத்தோடு ஆட்டோவில் வீடு திரும்பினோம். இப்போது சீட் கவரும் ஓராண்டு கூடுதல் உத்தரவாதமும் இலவசமாகத் தருவதாகத் தொலைபேசியில் சொல்கிறார்கள். நான் மறுக்கலாமா? எடுத்துக்கொண்டால் பிறகு வழக்குத் தொடரும் உரிமை போய்விடுமா? அக்டோபர் 5 முதல் தவணை தொடங்குகிறது என்பதால் தூக்கம் வரவில்லை.

யார்டுக்காரன் (கோயம்புத்தூர்):

ஐயா, கையெழுத்துப் போடாமல் வந்தது நல்ல காரியம். நான் ஏழு ஆண்டுகள் ஒரு விற்பனை நிலையத்தின் ஸ்டாக்யார்டில் வேலை பார்த்தவன். டிரெய்லரில் ஏற்றி இறக்கும்போது கதவும் பம்பரும் அடிபடுவது வாடிக்கை. அடிபட்டால் பணிமனையில் அந்தச் சேசிஸ் எண்ணின் (வண்டியின் அடையாள எண்) பெயரிலேயே ஜாப் கார்டு, அதாவது பணிப் பதிவுச் சீட்டு, திறந்துதான் வேலை செய்வார்கள், ஏனென்றால் போக்குவரத்துச் சேதத்துக்குக் காப்பீட்டுத் தொகை கோர அது வேண்டும். அந்த ஜாப் கார்டின் நகலை மின்னஞ்சலில் கேளுங்கள். வாய்வழியாகக் கேட்டால் ‘பாலிஷ் மட்டும்தான் சார்’ என்பார்கள். வெளியில் டீட்டெய்லிங் (வண்டியை மெருகேற்றும்) கடை வைத்திருப்பவரை அழைத்துப்போய், பெயின்ட் தடிமன் மானியால் நான்கு கதவுகளையும் அளந்து, அளவுகள் தெரியும்படி காணொளி எடுத்துக்கொள்ளுங்கள். தொழிற்சாலைப் பூச்சு பொதுவாக 100 முதல் 150 மைக்ரான் வரை இருக்கும். ஒரு கதவு மட்டும் அதைப்போல் இரு மடங்கு காட்டினால் அதற்குமேல் பேச்சில்லை.

தயாரிப்பு ஆண்டைப் பதிவுக்கு முன்பே சேசிஸ் எண்ணில் பார்த்திருக்கலாம். பெரும்பாலான நிறுவனங்களில் பத்தாவது எழுத்து ஆண்டைக் குறிக்கும்: 2023க்கு ‘பி’ (P), 2024க்கு ‘ஆர்’ (R). மாத எழுத்தின் இடம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். நாள்பட நின்ற வண்டியில் பேட்டரியையும் பாருங்கள், எலி கடித்த ஒயர் இருக்கிறதா என்று பானெட்டைத் திறந்தும் பாருங்கள். பிரேக் டிஸ்க்கில் உள்ள மேல்துருவுக்கு அஞ்ச வேண்டாம், நாலு தடவை பிரேக் பிடித்தால் போய்விடும்.

நெடுஞ்சாலை (திருச்சி):

ஒரு கதவுப் பூச்சுக்காக இவ்வளவு வேண்டுமா? நம் ஊர்ப் போக்குவரத்தில் மூன்று மாதத்தில் நான்கு கதவிலும் கீறல் விழுந்துவிடும். தருவதை வாங்கிக்கொண்டு வண்டியை எடுங்கள்.

வைகைக்கரை:

நானே கீறிக்கொண்டால் வருத்தத்தோடு போகும், நண்பரே. நாளை விற்கப்போனால் வாங்குபவர் 2023 வண்டி என்றுதான் விலை பேசுவார், நான் வாங்கிய மாதத்தைக் கணக்கில் எடுக்கமாட்டார். அந்த ஓராண்டு மதிப்பை ஒரு சீட் கவர் ஈடுசெய்யாது.

கட்சிக்காரர் பக்கம் (சென்னை):

நுகர்வோர் வழக்குகள் நடத்துபவன் என்ற முறையில் சொல்கிறேன். உங்கள் சிக்கலின் வேர், பதிவு முதலில், வண்டியைப் பார்ப்பது பிறகு என்ற வரிசையில் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 41ஆவது பிரிவில் 2019இல் வந்த திருத்தப்படி, விற்பனையாளர் இருக்கும் அதே மாநிலத்தில் பதிவாகும் புதிய வண்டிக்கு அவரே விண்ணப்பிக்க வேண்டும்; பதிவெண் பொருத்தாமல் வண்டியை ஒப்படைக்கவும் கூடாது. எண் இல்லாத வண்டி சாலைக்கு வராமல் தடுக்க வந்த விதிதான் இது. ஆனால் வண்டியைப் பதிவுக்கு முன் காட்டக் கூடாது என்று அதில் எங்கும் இல்லை. காட்ட மறுப்பது அவர்கள் வசதிக்காக மட்டுமே.

டெலிவரியை மறுக்க உங்களுக்கு நியாயம் உண்டு. ஆனால் பதிவை ரத்துசெய்து, வரியைத் திரும்பப் பெற்று, வேறு வண்டியைப் பதிவு செய்வது நீண்ட வேலை. கடன் ஒப்பந்தம் தனியானது என்பதால் தகராறைக் காரணம் காட்டித் தவணையை நிறுத்தாதீர்கள். எடுத்துக்கொள்வதானால், குறைகளைக் குறிப்பிட்டு ‘உரிமைகளை விட்டுக்கொடுக்காமல், ஆட்சேபத்துடன் பெறுகிறேன்’ என்று அதே தாளில் உங்கள் கையாலேயே எழுதிக் கையெழுத்திட்டு, நகலில் முத்திரை வாங்குங்கள்.

யார்மீது வழக்கு என்பதும் முக்கியம். 2011ஆம் ஆண்டுக் காருக்குப் பணம் வாங்கிக்கொண்டு, 2009இல் தயாரான, ஏற்கெனவே ஓடிய காரைக் கொடுத்த கோவா வழக்கொன்றில், விற்பனையாளரின் செயல் தயாரிப்பாளருக்குத் தெரிந்திருந்தது என்று நிறுவாமல் தயாரிப்பாளரைப் பொறுப்பாக்க முடியாது என்று 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே தயாரிப்பு நிறுவனத்துக்கு இன்றே எழுத்தில் தெரிவியுங்கள்; அறிந்த பின்னும் வாளாவிருந்தால் அது உங்கள் வாதத்துக்கு வலுச்சேர்க்கும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. வழக்கென்றால் மாவட்ட ஆணையம் போதும். கொடுத்த விலை 10 முதல் 20 இலட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் 400 ரூபாய், கால வரம்பு இரண்டு ஆண்டு.

வைகைக்கரை (பதினாறு நாள் கழித்து):

உதவிய அனைவருக்கும் நன்றி. மற்றக் கதவுகள் 120ஐ ஒட்டி இருக்க, அந்தக் கதவு 290 மைக்ரான் காட்டியது. காணொளியைத் தயாரிப்பு நிறுவனத்துக்கு அனுப்பிய மூன்றாம் நாள் அவர்களுடைய மண்டல அலுவலரே வந்தார். அதுவரை இல்லாத ஜாப் கார்டு அன்று கிடைத்தது: மார்ச் மாதமே கதவு மாற்றாமல் தட்டிப் பூசியிருக்கிறார்கள். வேறு வண்டி என்றால் மூன்று மாதம் ஆகும் என்றார்கள். வீட்டில் கலந்து பேசி, 62,000 ரூபாய் குறைப்பு, கூடுதல் உத்தரவாதம், மறுபூச்சை ஒப்புக்கொள்ளும் கடிதம் ஆகியவற்றோடு, ஆட்சேபம் எழுதியே வண்டியை எடுக்க முடிவு செய்துள்ளேன். தோற்றேனா வென்றேனா என்று எனக்கே தெரியவில்லை. உத்தரவாதம் பில் தேதியிலிருந்து ஓடுமா, நான் எடுக்கும் தேதியிலிருந்து ஓடுமா?

யார்டுக்காரன்:

கணினியில் பில் தேதியையே போட்டுவைத்திருப்பார்கள். உத்தரவாதப் புத்தகத்தில் டெலிவரி தேதியை எழுதி முத்திரை குத்தச் சொல்லுங்கள், கணினியிலும் மாற்றச் சொல்லுங்கள். இரண்டும் முடியாமல் சாவியை வாங்க வேண்டாம்.