யூரியாவை எவ்வளவு குறைக்கலாம்? அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க

வணக்கம் உறவுகளே. தஞ்சாவூர் பக்கம் 3 ஏக்கர்ல சம்பா நெல். ஏக்கருக்கு 45 கிலோ யூரியா மூட்டை மூணு போடுறேன். கணக்குப் பார்த்தா தழைச்சத்து (நைட்ரஜன்) 62 கிலோ. காத்துல 78 சதவீதம் நைட்ரஜன்தான், ஆனா பயிருக்கு மூட்டையில வாங்கித்தான் கொடுக்கிறோம்!

இந்த வருஷம் மேலுரத்துக்கு (பயிர் வளர்றப்ப போடுற உரம்) மூட்டை கிடைக்காம நாலு நாள் அலைஞ்சேன். அதுக்காக ஒரேயடியா நிறுத்தவும் பயம். 2021-ல இலங்கையில ரசாயன உரத்தைத் திடீர்னு தடை பண்ணி நெல் விளைச்சல் சரிஞ்சது ஞாபகம் இருக்கு.

மண்ணுக்குத் தழைச்சத்து தர்ற பசுந்தாள் பயிரான தக்கைப்பூண்டை விதைச்சு, பூக்கிற பருவத்துல மடக்கி உழுதவங்க இருக்கீங்களா? அடுத்த நடவுல எத்தனை மூட்டை குறைச்சீங்க, மகசூல் இறங்குச்சா? இலை வண்ண அட்டை (நெல் இலையோட பச்சை நிறத்தை ஒப்பிட்டுப் பார்க்கிற அட்டை) பார்த்து யூரியா போடுறவங்களும் சொல்லுங்க. எங்க மண் களி.