ஸ்காட்லாந்தின் லாக் அன் எலன் ஏரிக்குப் போனவர்கள் அனுபவத்தைப் பகிருங்கள்

பைன்காடு:
ஏரித் தீவில் இடிந்து நிற்கும், புகைப்படங்களில் எல்லோரும் பார்த்த அதே கோட்டைதான். ஆனால் அதன் சுவர் என் மனசை விட்டுப் போகவே இல்லை. கோட்டையைச் சுற்றிக் கரை என்று சொல்ல ஒன்றுமே இல்லை, தண்ணீருக்குள்ளிருந்து நேராகக் கல் எழும்புகிறது. கல்லிடுக்கில் முளைத்த செடிகூடத் தெரிகிற தூரம். போக வழி கிடையாது. 18-ஆம் நூற்றாண்டில் மதகு கட்டி ஏரி மட்டத்தை உயர்த்தினார்கள். சுற்றியுள்ள ராத்திமர்க்கஸ் காட்டில் வெட்டிய பைன் மரங்களைத் தேக்கிய தண்ணீரோடு திறந்துவிட்டு, ஸ்பே ஆற்றில் சேர்த்துக் கடல் வரைக்கும் மிதக்கவிட்டார்கள். தீவின் விளிம்பு முழுகியது அப்படித்தான். ‘படேனோக் ஓநாய்’ என்று பட்டப்பெயர் பெற்ற அலெக்சாண்டர் ஸ்டூவர்ட் பிரபு வாழ்ந்த கோட்டைக்கு மர வியாபாரத்தால் வந்த கதி!

வடக்குமலை:
ஓநாய் கதையை அப்படியே நம்பாதீர்கள். அலெக்சாண்டர் ஸ்டூவர்ட் 1390-இல் எல்ஜின் பேராலயத்தைக் கொளுத்தியது வரலாறு. இந்தக் கோட்டை அவனுடையது என்பது செவிவழிச் செய்தி. 1690-இல் கிராம்டேலில் தோற்று வந்த யாக்கோபியர்கள் (பதவி இழந்த ஜேம்ஸ் மன்னரின் ஆதரவாளர்கள்) இதை முற்றுகையிட்டபோது கிரிசல் கிராண்ட் என்ற பெண்மணி விட்டுக்கொடுக்காமல் நின்றார். அவரைப் பற்றி யாருமே பேசுவதில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

நான் போனபோது ஏரி உறைந்திருந்தது. பனிமேல் ஒருவருடைய காலடித் தடம் கோட்டையை நோக்கிப் போய், பாதியில் அப்படியே திரும்பியிருந்தது. ஐஸ் விரிசல் விடும் சத்தம் கேட்டிருக்க வேண்டும். அந்தத் தடத்தை நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது.

சிறகன்:
ஓநாயை விடுங்கள். அந்தக் கோட்டை உச்சியில் 1899 வரை விராலடிப்பான் என்ற மீன்பிடிக்கும் பருந்து கூடு கட்டியது. முட்டை சேகரிக்கிறவர்கள் குளிரில் நீந்திப் போய்த் திருடினார்கள். பக்கத்து லாக் கார்ட்டன் ஏரிக்குப் பறவை திரும்பி வந்த பிறகும் விடவில்லை: 1958-இல் ராத்திரி மரமேறி முட்டையை எடுத்துவிட்டு, ஷூ பாலிஷ் பூசிய கோழிமுட்டையை வைத்துவிட்டுப் போனார்கள். காவலைப் பலப்படுத்தி, 1959-இல்தான் 3 குஞ்சுகள் பறந்தன. நான் நின்றபோது ஒன்று மீனைத் தலை முன்னால் இருக்கும்படி பிடித்துக்கொண்டு கோட்டைக்கு மேலே ஒரு வட்டம் போட்டது. உட்காரவில்லை. அப்படியே போய்விட்டது.

அவிமோர்வாசி:
என் மகள் கரையில் நின்று கத்தினாள், கோட்டைச் சுவர் திருப்பிச் சொன்னது, அவ்வளவுதான் என் கதை. சரி, போகிறவர்களுக்குச் சில விஷயம். கோடையில் மிட்ஜ் பூச்சி பிடுங்கித் தின்னும். காற்றுள்ள நாளாகப் பார்த்துப் போங்கள். சுற்றுப்பாதை சுமார் 5 கிலோமீட்டர், சிரமமில்லை. ஆனால் பக்கத்திலுள்ள லாக் கவ்னா ஏரிப் பக்கம் திரும்பினால் மழைக்குப் பிறகு சேறு, நல்ல பூட்ஸ் வேண்டும். காலையிலேயே போனால் செவ்வணில் பார்க்கலாம். வடக்குமலை சொன்னாரே, அந்தத் தடம்: யாரும் ஐஸ்மேல் கால் வைக்காதீர்கள். பார்க்கிங்குக்குக் காசு உண்டு. கார் இல்லாதவர்கள் அவிமோர் ரயில் நிலையத்தில் இறங்கிச் சைக்கிளில் வந்துவிடலாம்.