ஆச்சி வீட்டுக் குழு: கல்வெட்டைக் காணவில்லை

நிலா: லப்டொப்போடு அச்சகத்தில் நிற்கிறேன். ஆச்சியின் கல்வெட்டு, அதுதான் நினைவுப் புத்தகம், அந்த ஃபைலைத் திறந்தால் கீழே பட்டையில் பெயர் தெரிகிறது, திரையில் ஒன்றுமில்லை. வீட்டில் பெரிய மொனிற்றரைக் கொழுவி அதில் வைத்துச் செய்தது. யாருக்காவது தெரியுமா?

கனடா பெரியம்மா: ஐயோ பிள்ளை, அழிந்து போச்சா?

கனடா பெரியம்மா: வியாழன் அம்மாவின் 31ஆம் நாள். சடங்குக்குக் கீரிமலைக்குப் போய்வந்து மத்தியானம் எல்லாருக்கும் கொடுக்க வேண்டுமே

சின்ன மாமா: யாழ்ப்பாணத்தில் எந்த அச்சகம்? கே.கே.எஸ். வீதியில் கொடுக்கச் சொன்னேனே

நிலா: திருநெல்வேலி, மாமா

கொழும்பு அத்தான்: அழியவில்லை பெரியம்மா. நிலா, கழற்றின மொனிற்றர் இருந்த பக்கத்திலேயே அது திறந்து கிடக்கிறது. சில மென்பொருள்கள் கடைசியாக நின்ற இடத்தை நினைவில் வைத்து அங்கேயே திறக்கும். அந்தத் திரை இப்போது இல்லை, அதுதான் உனக்குத் தெரியவில்லை. ஆல்ட்+டேப் அடித்து அதைத் தெரிவு செய். பிறகு ஆல்ட்+ஸ்பேஸ், அடுத்து எம். அம்புக்குறி ஒன்றை ஒருதரம் தட்டிவிட்டு மவுஸை அசை, விண்டோ அதோடு ஒட்டிக்கொண்டு வரும். முழுத்திரையாக இருந்தால் எம் வேலை செய்யாது. அப்போது முதலில் ஆர் அடித்துச் சிறிதாக்கு, பிறகு திரும்ப ஆல்ட்+ஸ்பேஸ், எம்.

லண்டன் சித்தி: எந்தப் படம் போட்டது?

லண்டன் சித்தி: நல்லூர்த் தேருக்கு எடுத்தது நல்ல வடிவு

கனடா பெரியம்மா: அதில் அம்மா மெலிந்து போயிருக்கிறா. கலியாணவீட்டுப் படம் போடுங்கள்

சின்ன மாமா: பிள்ளைகளின் பெயர் வயதுப்படி வரட்டும். அப்பாவின் கல்வெட்டில் என் பெயரைக் கடைசியில் போட்டதை நான் மறக்கவில்லை

கனடா பெரியம்மா: அதை இப்ப ஏன் கதைப்பான்

கொழும்பு அத்தான்: நிலா? வந்ததா?

நிலா: வந்திட்டுது அத்தான்!! 🙏

கொழும்பு அத்தான்: நல்லது. விண்டோஸ் 11 தானே? செட்டிங்ஸில் சிஸ்டம், டிஸ்பிளே, மல்டிபிள் டிஸ்பிளேஸ் போய்ப் பார். எந்த மொனிற்றரில் எந்த விண்டோ இருந்தது என்று நினைவில் வைக்க ஒரு கட்டம், மொனிற்றரைக் கழற்றினால் அதிலிருந்த விண்டோக்களைக் கீழே சுருக்க இன்னொன்று. இரண்டுக்கும் சரி போடு. வீட்டில் திரும்பக் கேபிளைக் குத்தினால் பழைய இடத்துக்குப் போகும். எல்லா மென்பொருளும் இதற்குக் கட்டுப்படாது, ஆனபடியால் ஆல்ட்+ஸ்பேஸை மறக்காதே.

கனடா பெரியம்மா: தம்பி நீ சாப்பிட்டாயா?

நிலா: அச்சகத்து அண்ணா கேட்கிறார், எந்தப் படம்?

லண்டன் சித்தி: தேர்

கனடா பெரியம்மா: கலியாணவீடு

சின்ன மாமா: அடிக்க வேண்டாம் என்று சொல்லு. நான் நேரில் வாறன், பெயர் வரிசையும் பார்க்க வேண்டும்

நிலா: 5 மணிக்குப் பூட்டிவிடுவார் மாமா