மறு: ‘ரேம் டிஸ்க்’கை ‘நினைவக வட்டு’ என்று எழுதலாமா?

அனைவருக்கும் வணக்கம்.

> ரேம் என்றால் நினைவகம், டிஸ்க் என்றால் வட்டு. ‘நினைவக வட்டு’ என்று போட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போகலாம். இதில் விவாதிக்க என்ன இருக்கிறது?

இருக்கிறது. நாம் தமிழாக்கிக்கொண்டிருக்கும் வழிகாட்டி, பாயிங்க் (BOINC) மென்பொருளின் தரவுக் கோப்பகம் முழுவதையும் லினக்ஸ் இயங்குதளத்தில் ரேமிலேயே, அதாவது ‘ரேம் டிஸ்க்’கில், வைத்து இயக்கச் சொல்கிறது. தன்னார்வலர்களின் கணினிகளில் அறிவியல் கணக்கீடுகளை ஓட்டும் மென்பொருள் அது. வழிகாட்டியைப் படிக்கப்போகிறவர் இயங்குதளத்தின் உட்கருவான கர்னலை எழுதுபவர் அல்லர். ஐன்ஸ்டைன்@ஹோம், ரொசெட்டா@ஹோம் போன்ற அறிவியல் திட்டங்களுக்குத் தம் கணினியின் ஓய்வு நேரத்தைக் கொடுக்கும் ஓர் ஆசிரியரோ மாணவரோ படிக்கப்போகிறார். அவருக்கு வட்டு என்றால், மின்சாரம் போனாலும் வைத்தது வைத்தபடி இருக்கும் இடம். நெகிழ்வட்டு, குறுவட்டு, வன்வட்டு என்று இத்தனை ஆண்டுகளாக நாமே அப்படிப் பழக்கியிருக்கிறோம். போதாக்குறைக்கு அதன் முன்னால் ‘நினைவகம்’ வேறு. தமிழில் நினைவகம் என்பது மறக்கக் கூடாதவர்களுக்காக எழுப்பப்படுவது. மின்வெட்டு வந்த நொடியில் அனைத்தையும் மறந்துவிடும் ஒன்றுக்கு, மறக்கவே மறக்காது என்று உறுதி கூறும் இரண்டு சொற்களை அடுத்தடுத்து நிறுத்தியிருக்கிறோம்.

எதற்காக ரேமுக்குப் போகிறார்கள் என்று கேட்டிருந்த நண்பருக்குச் சுருக்கமாக: பாயிங்கில் ஓடும் பணிகள் தாங்கள் எதுவரை கணக்கிட்டிருக்கிறோம் என்பதை அவ்வப்போது வட்டில் எழுதிவைக்கும். இயல்பு அமைப்பில் ஒரு பணி எழுதியபின் மறுபடி எழுத 60 நொடியாவது ஆக வேண்டும். எட்டுப் பணிகள் ஒன்றாக, இரவு பகல் பாராமல் ஓடும் கணினியில் இந்த எழுத்துவேலைக்கு முடிவே கிடையாது. சுழலும் பாகமில்லாத எஸ்எஸ்டிக்கும், ராஸ்பெரி பை என்ற சிறு கணினியின் எஸ்டி அட்டைக்கும் எத்தனை முறை எழுதலாம் என்பதற்கு எல்லை உண்டு. சுழலும் பழைய வன்வட்டானால் ஓய்வுக்கே போகாது. ரேமில் எழுதினால் இந்தத் தொல்லைகள் இல்லை. என்னைக் கேட்டால், பெரும்பாலானோருக்கு அந்த 60ஐ 600 ஆக மாற்றினாலே போதும், ரேம் பக்கம் போகவே வேண்டாம். அது வழிகாட்டியின் முதல் பத்தியிலேயே வர வேண்டும். சரி, சொல்லுக்கு வருகிறேன்.

> வட்டு வேண்டாமென்றால் விடுங்கள். எல்லாம் ரேமில்தானே இருக்கிறது? ‘நினைவக’ என்ற அடைமொழியாவது சரிதானே?

அதுவும் முழுச் சரியில்லை. லினக்ஸில் ‘ரேம் டிஸ்க்’ என்று பொதுவாகச் சொல்லப்படுபவை மூன்று. முதலாவது, ரேமின் ஒரு பகுதியை வட்டுச் சாதனமாகவே காட்டுவது. அதை வடிவமைக்க வேண்டும், அதில் ஒரு கோப்பு முறைமையை, அதாவது கோப்புகளை அடுக்கிவைக்கும் ஏற்பாட்டை, அமைக்க வேண்டும். வட்டுக்குச் செய்யும் எல்லாச் சடங்கும் உண்டு. இதை ‘நினைவக வட்டு’ என்பதில் எனக்குத் தடையில்லை, ஏனென்றால் அது உண்மையிலேயே வட்டு வேடம் போடுகிறது. இரண்டாவது, ரேம்எஃப்எஸ் (ramfs) என்ற கோப்பு முறைமை. இதற்கு அளவுக் கட்டுப்பாடு இல்லை. எழுத எழுத வளர்ந்து கணினியையே திணறவைத்துவிடும். இதை வழிகாட்டியில் ஒரு வரியில் எச்சரித்துவிட்டுக் கடந்துவிடலாம்.

மூன்றாவதுதான் நம் வழிகாட்டி பயன்படுத்துவது: டெம்ப்எஃப்எஸ் (tmpfs) என்ற கோப்பு முறைமை. 2001இல் வெளிவந்த 2.4 கர்னலிலிருந்து இருக்கிறது. அளவு சொல்லாவிட்டால் மொத்த ரேமில் பாதிவரை எடுத்துக்கொள்ளும். இதில் நம் விவாதத்துக்கு முக்கியமான ஒன்று உண்டு. ரேமில் நெருக்கடி வந்தால், டெம்ப்எஃப்எஸ்ஸில் உள்ளவற்றைக் கர்னல் இடமாற்றுப் பகுதிக்கு, அதாவது வட்டுக்கே, தள்ளிவிடலாம். (அதைத் தடுக்கும் தேர்வு 6.4 கர்னலில்தான் சேர்ந்தது.) ஆகவே உங்கள் கோப்பு ஒரு கட்டத்தில் வட்டில் கிடக்கக்கூடும், அப்போதும் கணினியை மறுபடி தொடக்கினால் அது உங்களுக்குக் கிடைக்காது. கோப்பு ரேமில் இருக்கிறதா வட்டில் இருக்கிறதா என்பது மாறிக்கொண்டே இருக்கிறது. மாறாத பண்பு ஒன்றே ஒன்றுதான்: நிலைக்காது. பெயரை அந்தப் பண்பிலிருந்து எடுக்க வேண்டும் என்பது என் கட்சி.

என் முன்மொழிவு: ‘நிலையாக் கோப்பகம்’. கோப்பு முறைமையின் வகையைக் குறிக்க வேண்டிய இடத்தில் ‘நிலையாக் கோப்பு முறைமை’. மின்சாரம் போனால் அழியும் நினைவகத்தை ‘நிலையா நினைவகம்’ என்று எழுதுகிறவர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். அந்தக் குடும்பத்திலேயே இதுவும் சேர்ந்துகொள்ளும். அடைவு என்று எழுதிப் பழகியவர்கள் ‘நிலையா அடைவு’ என்று எழுதட்டும். அடைமொழி ஒன்றாக இருந்தால் போதும்.

‘நிலையாவட்டு’ என்று முன்பு ஒருவர் எழுதியது கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் வன்வட்டை ‘நிலைவட்டு’ என்று எழுதுகிறவர்களும் உண்டு. ஒரே பக்கத்தில் நிலைவட்டும் நிலையாவட்டும் வந்தால், வேகமாகப் படிப்பவர் எதிலிருந்து எதற்கு நகலெடுப்பது என்று குழம்பிப்போவார். இந்த வழிகாட்டியில் அந்தக் குழப்பத்தின் விலை அதிகம்.

> ‘நிலையா’ என்றால் துறவறப் பாட்டு வாடை அடிக்கிறது. ‘தற்காலிகக் கோப்பகம்’ எளிமையாக இல்லையா?

வாடை அடிக்கட்டும், மூக்கைத் துளைத்தால்தான் கவனிப்பார்கள். ‘தற்காலிகம்’ நம் நாட்டில் நீர்த்துப்போன சொல். தற்காலிகப் பாலம், தற்காலிகப் பணியாளர் என்றால் எத்தனை ஆண்டு என்று யாருக்கும் தெரியாது. தவிர, தற்காலிகக் கோப்புகளுக்கென்று ஒரு கோப்பகம் லினக்ஸில் முன்பே இருக்கிறது. அது வெகுகாலம் வட்டில்தான் இருந்தது. ஃபெடோராவில் பதினெட்டாம் பதிப்பிலிருந்தும், டெபியனில் 2025இல் வந்த பதிமூன்றாம் பதிப்பிலிருந்தும் அது டெம்ப்எஃப்எஸ்ஸுக்கு மாறிவிட்டது. இனி பாயிங்க் என்ற பெயரையே கேள்விப்படாதவர்களும் தங்களை அறியாமல் இதைப் பயன்படுத்துவார்கள். சொல் சரியாக அமைய இது இன்னொரு காரணம்.

அடுத்து ‘செக்பாயின்ட்’, அதாவது பணிகள் அவ்வப்போது எழுதிவைக்கும் அந்தக் குறிப்பு. அதற்கு முன்மொழியப்பட்ட ‘சோதனைச் சாவடி’யைக் கண்டதும் சிரித்துவிட்டேன், மன்னிக்கவும். ‘சோதனைப் புள்ளி’யும் பொருந்தவில்லை. அங்கே யாரும் எதையும் சோதிப்பதில்லை. கணக்கு எதுவரை வந்தது என்று குறித்துவைக்கிறார்கள். ‘இடைப்பதிவு’ என்பேன். ‘இடைப்பதிவு இடைவெளி: 60 நொடி’ என்று அமைப்புப் பக்கத்தில் படித்துப் பாருங்கள், உறுத்தவில்லை. இரண்டு சொல்லும் சேர்ந்தால் வழிகாட்டியின் முதன்மையான எச்சரிக்கையை ஒரே வரியில் எழுதிவிடலாம்: ‘நிலையாக் கோப்பகத்தில் எழுதப்படும் இடைப்பதிவு மின்வெட்டில் உதவாது.’ கணக்கும் போகும், கணக்கை மீட்க எழுதிய குறிப்பும் போகும். பாயிங்கின் நடப்பு நிலவரத்தைக் குறித்துவைக்கும் கோப்பும் சேர்ந்து போவதால், திட்டத்தின் வழங்கி (சர்வர்) உங்கள் கணினியைப் புதிதாக வந்ததாகவே எண்ணக்கூடும். கிளைமேட்பிரெடிக்‌ஷன் திட்டத்தில் ஒரே பணி நாள்கணக்கில் ஓடுவதுண்டு. அதையெல்லாம் ரேமில் வைப்பது வீண் வீரம். எல்ஹெச்சி@ஹோம் திட்டத்தின் மெய்நிகர் பொறிப் பணிகளோ (கணினிக்குள் இன்னொரு கணினியை மென்பொருளால் இயக்குபவை) பெரிய வட்டுப் படிமங்களைக் கேட்பவை, ரேமே போதாது.

வழிகாட்டியின் மூலத்தில், கணினியை அணைக்கும்போது ஆர்சிங்க் (rsync) என்ற நகலெடுப்புக் கருவியைக் கொண்டு அனைத்தையும் வட்டுக்கு நகலெடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். முறையாக அணைத்தால் அது வேலை செய்யும். மின்வெட்டு அனுமதி கேட்டு வருவதில்லை. ஆகவே, யுபிஎஸ் இல்லாதவர்கள் குறிப்பிட்ட நேரத்துக்கு ஒருமுறை பாயிங்கை நிறுத்தி, நகலெடுத்து, மறுபடி இயக்க வேண்டும் என்று சேர்க்கலாம். ஓடிக்கொண்டிருக்கும்போதே எடுத்த நகலில் பாதி பழையதாகவும் பாதி புதியதாகவும் இருக்க வாய்ப்புண்டு.

கணினியின் ஓய்வு நேரத்தை இப்படிக் கொடுப்பதை ‘தன்னார்வக் கணிமை’ என்பதா ‘கணிக்கொடை’ என்பதா என்ற கேள்வியில் நான் கணிக்கொடைப் பக்கம். குருதிக்கொடை, உடலுறுப்புக் கொடை போலப் பார்த்ததும் புரிகிறது; கொடுப்பவரைக் கணிக்கொடையாளர் என்றும் சொல்லிவிடலாம். 2010இல் ஐன்ஸ்டைன்@ஹோம் வழியே ஒரு துடிவிண்மீன் (பல்சார்) கண்டறியப்பட்டபோது, எவருடைய கணினிகள் அதைக் கண்டனவோ அவர்களுக்கே திட்டக் குழு பெருமை சேர்த்தது. அப்படிப்பட்டவர்களுக்குக் கொடையாளர் என்ற சொல் தகும்.

சொற்பட்டியல் கோப்பில் நிலையாக் கோப்பகம், இடைப்பதிவு, கணிக்கொடை மூன்றையும் ‘பரிசீலனையில்’ என்ற குறியோடு சேர்த்திருக்கிறேன். ‘மவுன்ட்’, அதாவது ஒரு கோப்பு முறைமையைக் கோப்பக அமைப்போடு இணைப்பது, இன்னும் பாக்கி. ‘ஏற்று’ என்றால் கோப்பைப் பதிவேற்றுவதோடு மோதுகிறது. ‘பொருத்து’ பரவாயில்லை, ஆனால் அதன் எதிர்ச்சொல்லுக்குக் ‘கழற்று’ போதுமா? இதற்கு மட்டும் தனி இழை தொடங்குங்கள்.