கார் வழிகாட்டிக் கருவியில் நெரிசல் நிலவரம் வரவில்லை: ஆண்டெனாவை மாற்ற வேண்டுமா?

பரளியாறு எழுதியது:

அன்பர்களுக்கு வணக்கம். நான் தக்கலையில் வசிக்கிறேன். ஜெர்மனியில் வேலை பார்க்கும் என் மைத்துனர், அங்கே தம் காரில் வைத்திருந்த வழிகாட்டிக் கருவியைச் சென்ற விடுமுறையில் எனக்குக் கொடுத்துவிட்டுப் போனார். இந்திய வரைபடத்தை வாங்கி அதில் ஏற்றிவிட்டேன். வழி காட்டுவதில் குறையொன்றும் இல்லை. மார்த்தாண்டத்துக் கிளைச் சாலைகளைக்கூடச் சரியாகவே சொல்கிறது. ஆனால் திரையின் மூலையில் உள்ள போக்குவரத்துக் குறி மட்டும் எப்போதும் சாம்பல் நிறத்திலேயே இருக்கிறது. அதைத் தொட்டால் நிலையத்தைத் தேடுவதாக ஒரு வரி வருகிறது. எவ்வளவு தூரம் ஓட்டினாலும் அந்த வரி மாறுவதில்லை.

அம்மாவின் சிகிச்சைக்காக அடிக்கடி திருவனந்தபுரம் போக வேண்டியிருக்கிறது. குழித்துறை, களியக்காவிளை, பாலராமபுரம் என்று எந்த இடத்தில் வண்டிகள் தேங்கி நிற்கின்றன என்பது முன்கூட்டியே தெரிந்தால், உடல்நிலை சரியில்லாதவரை வெயிலில் காரில் உட்கார வைத்திருக்கும் நிலையைத் தவிர்க்கலாம். உள்ளூர்க் கடை ஒன்றில் காட்டியபோது, ஆண்டெனா பழுது, வெளியே புதிதாக ஒன்று பொருத்த வேண்டும் என்றார்கள். செயற்கைக்கோள் தொடர்பு நன்றாக இருக்கும்போது நெரிசல் நிலவரம் மட்டும் வராமல் போவது ஏன்? ஆண்டெனாவை மாற்றினால் சரியாகுமா?

வேளிமலை எழுதியது:

ஐயா, ஆண்டெனாவுக்குப் பணம் கொடுக்க வேண்டாம், சற்றுப் பொறுங்கள்.

செயற்கைக்கோளுக்கும் நெரிசல் நிலவரத்துக்கும் தொடர்பே கிடையாது. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் நேரத்தையும் தம் சுற்றுப்பாதை விவரங்களையும் அனுப்புகின்றன. அவற்றைக் கொண்டு கருவி தான் நிற்கும் இடத்தைக் கணக்கிட்டுக்கொள்கிறது, அவ்வளவுதான். களியக்காவிளையில் லாரி பழுதாகி நிற்பது அந்தச் செயற்கைக்கோளுக்குத் தெரியாது. அந்தச் செய்தி வேறொரு வழியாகத்தான் கருவிக்கு வர வேண்டும்: எஃப்.எம். வானொலி அலை, கருவிக்குள்ளேயே இருக்கும் சிம், அல்லது உங்கள் கைப்பேசியின் இணையம். உங்கள் கருவி ‘நிலையத்தைத் தேடுகிறது’ என்பதிலிருந்தே அது எஃப்.எம். வழியை நம்பியிருப்பது தெரிகிறது.

அந்த முறைக்கு டி.எம்.சி. என்று பெயர். எஃப்.எம். நிலையம் பாட்டும் பேச்சும் ஒலிபரப்பும்போதே, காதுக்கு எட்டாத 57 கிலோஹெர்ட்ஸ் துணை அலையில் ஆர்.டி.எஸ். என்னும் தரவையும் சேர்த்து அனுப்ப முடியும். அதன் வேகம் நொடிக்கு 1187.5 பிட், இன்றைய இணையத்தோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. ஆகவே ஊர்ப் பெயரையோ சாலைப் பெயரையோ எழுத்தாக அனுப்ப அதில் இடமில்லை. என்ன நடந்தது என்பதற்கு ஓர் எண், எங்கே நடந்தது என்பதற்கு ஓர் எண், எந்தத் திசையில், எவ்வளவு தூரத்துக்கு என்பதற்குச் சில பிட்டுகள் என்று சுருக்கித்தான் அனுப்புகிறார்கள். இட எண் 16 பிட் கொண்டது. அதாவது ஒரு பட்டியலில் அதிகபட்சம் 65,536 எண்கள். அந்த எண் எந்தச் சந்திப்பைக் குறிக்கிறது என்பதைச் சொல்லும் இடப் பட்டியல், கருவியில் ஏற்றிய வரைபடத்துக்குள்ளேயே இருக்க வேண்டும். அந்தப் பட்டியல் நாட்டுக்கு நாடு வேறு.

எனவே இரண்டும் ஒருசேர அமைய வேண்டும்: நம் வண்டிக்கு எட்டுகிற ஒரு நிலையம் அந்தத் தரவை அனுப்ப வேண்டும்; அதற்குரிய பட்டியல் நம் வரைபடத்தில் இருக்க வேண்டும். ஜெர்மனியில் 1997 முதல் வானொலி நிலையங்கள் இதை அனுப்பி வந்திருக்கின்றன. அங்கே உங்கள் மைத்துனருக்கு வேலை செய்ததில் வியப்பில்லை. நம் மாவட்டத்தைப் பொறுத்தவரை, நாகர்கோவில் வானொலியின் பண்பலையிலும், திருவனந்தபுரத்திலிருந்து இங்கே கேட்கும் நிலையங்களிலும் என் கருவி இந்தத் தரவை ஒருமுறைகூடப் பிடித்ததில்லை. அனுப்பாத ஒன்றை எந்த ஆண்டெனாவாலும் வாங்க முடியாது.

நீங்களே சோதித்துப் பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. காரின் ஸ்டீரியோவில் எஃப்.எம். வைத்து, திரையில் அலைவரிசை எண்ணுக்குப் பதிலாக நிலையத்தின் பெயர் எழுத்தில் வருகிறதா என்று பாருங்கள். பெயர் வந்தால் அந்த நிலையம் ஆர்.டி.எஸ். அனுப்புகிறது என்று பொருள். அதற்குள் போக்குவரத்துத் தரவு இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஸ்டீரியோவில் ஆர்.டி.எஸ். வசதி இருந்தும், ஒலி தெளிவாகக் கேட்டும், எந்த நிலையத்திலும் பெயரே வரவில்லை என்றால், மேற்கொண்டு தேட வேண்டியதில்லை.

தோவாளைக்காரன் எழுதியது:

வேளிமலை ஐயா சொன்னதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனாலும் கேபிளை ஒருமுறை பார்த்துவிடுங்கள். இவ்வகைக் கருவிகள் பலவற்றில் எஃப்.எம். அலையைப் பிடிக்கும் வாங்கி (ரிசீவர்), கருவிக்குள் இல்லாமல் கார் சார்ஜர் கேபிளோடு சேர்ந்தே வரும். கேபிளின் நடுவிலோ முனையிலோ சிறு பெட்டிபோலத் தடித்திருக்கும் பகுதிதான் அது. ஆண்டெனாவாக இருப்பது அந்தக் கம்பியே. சாதாரணக் கைப்பேசி சார்ஜர் கம்பியைச் செருகினால் கருவிக்கு மின்சாரம் ஏறும், நெரிசல் நிலவரம் வராது. பழைய கருவிகள் கைமாறும்போது மூலக் கேபிள் தொலைந்து, கிடைத்த கம்பியைச் செருகி ஓட்டுவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று, இரைச்சல். மலிவான யு.எஸ்.பி. சார்ஜர்களும் டேஷ் கேமராக்களும் எஃப்.எம். அலைவரிசையிலேயே இரைச்சலைக் கிளப்பும். ஆரல்வாய்மொழிப் பக்கம் நிலையம் சற்று மெலிவாகக் கேட்கும் இடத்தில் வண்டியை ஓரமாக நிறுத்தி, எஃப்.எம். பாடிக்கொண்டிருக்கும்போது சார்ஜரை சாக்கெட்டில் செருகுங்கள். செருகிய நொடியில் ‘ஸ்ஸ்’ என்ற இரைச்சல் எழுந்து, பிடுங்கியதும் அடங்கினால், தரவு வாங்கிக்கும் அதே தொல்லை இருக்கும். வெப்பத்தைத் தடுக்கும் உலோகப் பூச்சுள்ள முன்கண்ணாடியும் அலையை மறைக்கும். ஆனால் உங்களுக்குச் செயற்கைக்கோள் தொடர்பு நன்றாக இருப்பதால் கண்ணாடியைக் குற்றம் சொல்ல முடியாது.

பரளியாறு எழுதியது:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. கேபிள் மூலக் கேபிள்தான். தடித்த பகுதி இருக்கிறது. என் கார் ஸ்டீரியோவில் ஆர்.டி.எஸ். அமைப்பு உண்டு, அதை இயக்கியும் வைத்தேன். நாகர்கோவில் நிலையம் தெளிவாகக் கேட்கிறது, ஆனால் எண் மட்டுமே தெரிகிறது. சார்ஜரைச் செருகினாலும் பிடுங்கினாலும் ஒலியில் வேறுபாடு இல்லை. ஆக, ஆண்டெனா எண்ணத்தைக் கைவிட்டுவிட்டேன். கருவியின் அமைப்புகளில் ‘கைப்பேசியுடன் இணை’ என்று ஒரு பகுதி இருக்கிறது. அதன் வழியாக முயலலாமா?

கோதையாறு எழுதியது:

முயலலாம் அண்ணாச்சி, ஆனால் பணம் கட்டும் முன்பு ஒன்றை உறுதி செய்துகொள்ளுங்கள். கருவியை உருவாக்கிய நிறுவனத்தின் இணையதளத்தில், உங்கள் மாடலுக்கு நேரலை நெரிசல் சேவை எந்தெந்த நாடுகளில் கிடைக்கிறது என்ற பட்டியல் இருக்கும். அதில் இந்தியா இல்லையென்றால் கைப்பேசியை இணைத்தும் பயனில்லை. கருவி கேட்கும், எதிர்ப்பக்கத்தில் பதில் இருக்காது. ஐரோப்பாவுக்கு விற்ற கருவி என்பதால் இந்தக் கேள்வியை முதலில் கேட்கச் சொல்கிறேன்.

பட்டியலில் இந்தியா இருந்தால், அந்த நிறுவனத்தின் செயலியைக் கைப்பேசியில் நிறுவி, புளூடூத்தில் இரண்டையும் இணையுங்கள். பாடல் கேட்க இணைப்பதுபோல் புளூடூத் இணைந்தால் மட்டும் போதாது. செயலி பின்னணியில் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், இருப்பிட அனுமதியும் மொபைல் டேட்டா அனுமதியும் அதற்கு இருக்க வேண்டும். ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் பேட்டரிச் சிக்கனம் என்ற பெயரில் பின்னணிச் செயலிகளை நிறுத்திவிடும் ஏற்பாடு உண்டு. புறப்படும்போது பச்சையாக இருந்த குறி, திரை அணைந்து சிறிது நேரத்தில் சாம்பலாகிவிடுவது பெரும்பாலும் இதனால்தான். அந்தச் செயலிக்கு மட்டும் பேட்டரிக் கட்டுப்பாட்டை நீக்கிவிடுங்கள்.

உங்கள் பாதைக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. களியக்காவிளையை நெருங்கும்போது கைப்பேசி தமிழ்நாட்டு வட்டத்திலிருந்து கேரள வட்டத்துக்கு மாறும். சில கைப்பேசிகளில் டேட்டா ரோமிங் அணைந்திருந்தால் அந்த இடத்தில் அழைப்பு வரும், இணையம் நின்றுவிடும். நெரிசல் நிலவரம் மிகவும் தேவைப்படும் எல்லைப் பகுதியிலேயே குறி சாம்பலாகிவிடும் என்பதால், ரோமிங்கை இயக்கிவிட்டுப் புறப்படுங்கள்.

வேளிமலை எழுதியது:

கோதையாறு சொன்னதோடு மார்த்தாண்டம் மேம்பாலத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அம்மாவை அழைத்துச் செல்பவருக்கு இது உதவும். எந்த வழியில் நிலவரம் வந்தாலும், அது பெரும்பாலும் சாலையில் செல்லும் கைப்பேசிகளும் வண்டிகளும் அனுப்பும் இடத்தையும் வேகத்தையும் வைத்துத்தான் கணிக்கப்படுகிறது. பாலத்தின் மேலே செல்லும் காரும், அதற்கு நேர் கீழே கடைவீதியில் நிற்கும் ஆட்டோவும் வரைபடத்தில் ஏறத்தாழ ஒரே புள்ளிதான். கீழே சந்தைக் கூட்டத்தில் வண்டிகள் ஊர்ந்தால், மேலே தடையின்றி ஓடும் பாலமும் சிவப்பாகத் தெரியக்கூடும். அதைப் பார்த்துக் கருவி சுற்றுவழி காட்டினால் உடனே திருப்பிவிடாதீர்கள். நகருக்குள் வேலை இல்லையென்றால் பாலத்தின் மேலேயே செல்லுங்கள். பாலத்துக்கு அடியில் செல்லும்போது செயற்கைக்கோள் தொடர்பும் மறைந்து, கருவி உங்களைப் பக்கத்துச் சாலையில் இருப்பதாகக் காட்டலாம். திறந்தவெளிக்கு வந்ததும் அது தானாகச் சரியாகிவிடும்.

உங்கள் மாடலுக்கு இந்தியச் சேவை இல்லையென்று தெரியவந்தால், வழிக்குக் கருவியையும் நெரிசலுக்குக் கைப்பேசி வரைபடத்தையும் வைத்துக்கொள்ளுங்கள். கைப்பேசியில் முன்பே இறக்கிவைத்த வரைபடம் டவர் இல்லாத இடத்திலும் வழி காட்டும். ஆனால் நெரிசல் நிறங்களுக்கு இணையம் இருந்தே ஆக வேண்டும். ஆகவே வீட்டை விட்டுப் புறப்படும் முன், இணையம் நன்றாக இருக்கும்போதே, பாலராமபுரம் வரையிலான சாலையைத் திரையில் நகர்த்திப் பார்த்துவிட்டு அம்மாவைக் காரில் ஏற்றுங்கள்.