பிஎச்பில இருந்து பைத்தானுக்கு போறேன், டேட்டாபேஸ எங்கேர்ந்து ஆரம்பிக்கறது?

தண்டையார்பேட்டை_பையன்:
எல்லாருக்கும் வணக்கம். காசிமேட்டுல ஏலம் எடுத்து சில்லறை வியாபாரிங்களுக்கு மீன் குடுக்குற எங்க மாமாவுக்கு பாக்கி கணக்கு பாக்க பிஎச்பில ஒரு சின்ன சைட் பண்ணி குடுத்தேன், மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ்ல ஒரே டேபிள்தான், யார் வாங்குனா, என்ன மீன், எத்தன கிலோ, ரேட்டு, குடுத்தது, பாக்கி எல்லாம் அதுலயே. இப்போ வேலை தேடுறேன், பாக்குற எடத்துல எல்லாம் பைத்தான், அதுல வெப்சைட் பண்ற ஜாங்கோனு கேக்குறாங்க. உடனே தாவிடலாமா? ஜாங்கோல ஓஆர்எம் இருக்கு, பைத்தான் கோடுலயே டேபிள கையாளலாம், டேட்டாபேஸ் கிட்ட பேசுற எஸ்க்யூஎல் மொழியே வேணாம்னு ஃப்ரெண்டு சொல்றான், நெசமா?

ராயபுரம்_அண்ணன்:
தம்பி, பிஎச்பில சைட்டே பண்ணிட்ட, பைத்தான் சீக்கிரம் கைக்கு வந்துரும். டேபிள தப்பா பிரிச்சா மட்டும் எந்த மொழிக்கு போனாலும் அந்த தலைவலி கூடவே வரும். உன் டேபிள்ல "செல்வி அக்கா", "செல்வியக்கா", "செல்வி சிந்தாதிரிப்பேட்டை"னு ஒரே ஆளு மூணு பேரா நிப்பாங்க பாரு, பாக்கியும் மூணா சிதறி கெடக்கும். ஆளுங்க ஒரு டேபிள், மீன் ஒரு டேபிள், விற்பனை ஒண்ணு, வரவு ஒண்ணு. விற்பனைல பேர் வேணாம், ஆளோட ஐடி மட்டும் போட்டு ஃபாரின் கீ குடு, அதாவது அந்த ஐடி ஆளுங்க டேபிள்ல இருந்தே ஆகணும்னு கட்டிப்போடு. ரேட்ட மீன் டேபிள்ல வெக்காத, வஞ்சிரம் விடியக்காலைல ஒரு ரேட்டு, வெயில் ஏறுனா ஒரு ரேட்டு, அது வித்த வரிலயே இருக்கணும். பாக்கிய எங்கயும் எழுதி வெக்கவே வெக்காத, வித்ததோட மொத்தத்துல வந்த காச கழிச்சா வர்றதுதான் பாக்கி. அப்புறம் ரூபாய்க்கு தோராயமா வெக்குற ஃப்ளோட் டைப் போடாத, துல்லியமா வெக்குற டெசிமல் போடு, இல்லனா பைசா ஒதைக்கும்.

வியாசர்பாடி_டெவ்:
அண்ணன் சொன்னது கரெக்ட். ஓஆர்எம் விஷயம் பாதிதான் நெசம்ப்பா, அதுவும் உள்ள எஸ்க்யூஎல்தான் அனுப்புது. 200 விற்பனைய ஒரு பக்கத்துல காட்டி, வரிக்கு வரி ஆள் பேர எடுத்தா லிஸ்ட்டுக்கு ஒண்ணு, பேருக்கு 200னு மொத்தம் 201 குவெரி (டேட்டாபேஸ் கிட்ட கேக்குற கேள்வி) போகும், ஜாங்கோவோட செலக்ட் ரிலேட்டட் போட்டா ரெண்டு டேபிளும் சேந்து ஜாயின் ஆகி ஒண்ணுல முடிஞ்சிரும். ஜாயின், ஆள்வாரியா கூட்டுற குரூப் பை ரெண்டையும் கையால எழுதி பழகலனா பக்கம் ஏன் ஸ்லோன்னு கண்டுபிடிக்கவே முடியாது. இன்னொண்ணு, மைஎஸ்க்யூஎல் அண்டர்ஸ்கோர் குவெரினு பிஎச்பியோட பழைய ஃபங்ஷன எழுதியிருக்குற டுடோரியல் எதையும் தொடாத, அத 2015ல பிஎச்பி 7லயே தூக்கிட்டாங்க. பிஎச்பில டேட்டாபேஸ தொட இருக்குற பிடிஓல, குவெரியையும் மதிப்பையும் தனித்தனியா குடுக்குற பிரிப்பேர்டு ஸ்டேட்மென்ட் பழகு, ஃபார்ம்ல வர்ற பேர அப்படியே குவெரில ஒட்டுனா, எவனாவது அதுல எஸ்க்யூஎல் கட்டளைய நுழைக்கிற இன்ஜெக்‌ஷன்தான்.

தண்டையார்பேட்டை_பையன்:
ரொம்ப தேங்க்ஸ் அண்ணா, தேங்க்ஸ்க்கா. பழைய வரிங்கள எப்படி பிரிக்கறது?

ராயபுரம்_அண்ணன்:
மொதல்ல ஒரு டம்ப், அதாவது டேட்டாபேஸோட முழு காப்பி எடுத்து வேற எடத்துல வை. அப்புறம் ஒரே பேர் ரெண்டு தடவ வராம எடுக்குற செலக்ட் டிஸ்டிங்க்ட் போட்டு பேர் லிஸ்ட்ட பிரின்ட் எடுத்துக்குனு மாமா கிட்ட போய் உக்காரு, எந்த செல்வி எந்த செல்வின்னு அவருக்குத்தான் தெரியும், கோடுக்கு தெரியாது. பிரிச்சு முடிச்சதும் மொத்த பாக்கி பழசும் புதுசும் ஒண்ணா வருதானு பாரு, ஒரு ரூபா இடிச்சாலும் பழைய டேபிள அழிக்காத.