புதுப்பிப்பு: தூண்டில் ஈயின் டப்பிங் உடலின் மேல் ஓவல் டின்சல் தளர்ந்த சிக்கல் தீர்ந்தது

முயல் உரோம டப்பிங்கால் (நூலில் முறுக்கித் தூண்டில் முள்ளின் மேல் சுற்றும் உரோமம்) கட்டிய நிம்ஃப் தூண்டில் ஈக்களில் (நீர்ப்பூச்சியின் இளம்பருவத்தைப் போன்ற செயற்கை இரை), மேலே சுற்றிய பொன்னிற ஓவல் டின்சல் (மின்னும் உலோக இழை) உரோமத்துக்குள் புதைவதையும், மீன் கடித்ததும் தளர்ந்துவிடுவதையும் பற்றி முன்பு கேட்டிருந்தேன். பதில் எழுதிய அனைவருக்கும் மனமார்ந்த நன்றி.

பலனளித்தது, டப்பிங் சுற்றிய திசைக்கு எதிர்த்திசையில் டின்சலைச் சுற்றச் சொன்ன யோசனைதான். ஒரே திசையில் சுற்றினால் டின்சல் உரோமச் சுற்றுகளுக்கு இடையிலுள்ள பள்ளங்களில் விழுந்துவிடுகிறது. எதிர்த்திசையிலோ அது ஒவ்வொரு சுற்றையும் குறுக்கே கடந்து அழுத்திப் பிடிப்பதால், மேலே தெளிவாக மின்னுவதோடு, மீனின் பற்களில் சிக்கி உரோமம் பிய்ந்துபோவதையும் பெரிதும் தடுக்கிறது. ஓவல் டின்சல் என்பது நூலின் மேல் சுற்றிய மெல்லிய உலோகப் பட்டை என்பதால், கட்டும் முனையில் அந்தப் பட்டையை நகத்தால் உரித்து, உள்நூலை மட்டும் கட்டச் சொன்னதும் உதவியது. டின்சலை முழுத் தடிமனோடு கட்டியதால் வந்த வால் பக்கத்துப் புடைப்பு மறைந்தது.

எதிர்பாராதது ஒன்று உண்டு. டின்சல் இறுக்கியதில் உரோமம் படிந்து, உடல் உயிரற்றுத் தெரிந்தது. வெல்க்ரோவின் கொக்கிப் பக்கத்தால் மெதுவாக வருடியதும் இழைகள் எழுந்து நின்றன. டப்பிங்கைக் கூட்டுவதைவிட இதுவே மேல் என்பது என் கருத்து. தடித்த உடலில் டின்சல் மீண்டும் புதைகிறது.